ட்ரெக்கிங் பேக்: லிட்டர் பார்க்கும் முன் முதுகை அளந்துவிடுங்கள்

நான் தூக்குவது 50 லிட்டர் பேக். உள்ளே அலுமினிய ஃப்ரேம், முதுகு நீளத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும் வசதி, கனமான இடுப்பு பெல்ட். சில வருடங்களாக மழை, வெயில், சேறு எல்லாவற்றிலும் இதுதான் துணை. பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை, என் உடம்புக்குச் சரியாக உட்கார்ந்தது உங்களுக்கும் உட்காரும் என்று சொல்ல முடியாது, அதைக் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.

பேக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்றுதான். முதலில் கேட்க வேண்டியது முதுகு நீளம். ஆள் உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. கால் நீளமான ஆறடி ஆளுக்கு முதுகு குட்டையாக இருக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும், அது மேல் முனை. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டினால் அவற்றுக்கு நடுவே முதுகெலும்பில் வரும் இடம் கீழ் முனை. இடைப்பட்ட தூரத்தை வேறு யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 55 செ.மீ.க்குள் வரும். ஒவ்வொரு நிறுவனத்தின் ஸ்மால், மீடியம் கணக்கும் வேறு வேறு என்பதால் செ.மீ. எண்ணை மட்டும் நம்புங்கள்.

இந்த அளவு தவறினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பயனில்லை. எடையின் பெரும்பகுதியைச் சுமக்க வேண்டியது இடுப்பு, தோள் அல்ல. பேக் குட்டையாக இருந்தால் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு மேலேறி வயிற்றை நெரிக்கும், நீளமாக இருந்தால் தோள் ஸ்ட்ராப் தோளில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், பேக் பின்னால் இழுக்கும். காலியாக மாட்டிப் பார்த்தால் எல்லா பேக்கும் சொகுசாகத்தான் இருக்கும், அதனால் 8, 10 கிலோ போட்டு கால் மணி நேரமாவது நடந்து, முடிந்தால் படியேறி இறங்கிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

மாட்டும் வரிசைக்கு வருகிறேன், நிறைய பேர் இதில்தான் சொதப்புகிறார்கள். எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்திவிட்டு பேக்கை மாட்டுங்கள். முதலில் இடுப்பு பெல்ட்: அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பு மேல் உட்கார வேண்டும், தொப்புளுக்குக் கீழே பக்கிள் வந்தால் ஏறக்குறைய சரி. நன்றாக இறுக்குங்கள். அப்புறம் தோள் ஸ்ட்ராப், இதை அணைத்தாற்போல் இருக்கும் அளவுக்கு மட்டும் இழுத்தால் போதும், பலம் போட்டு இழுத்தால் இடுப்புக்குக் கொடுத்த எடையை நீங்களே தோளுக்குத் திருப்பி வாங்கிக்கொள்கிறீர்கள். தோளுக்கு மேலே பேக்கின் உச்சிக்குப் போகும் சின்ன ஸ்ட்ராப்தான் லோட் லிஃப்டர், அது சுமார் 45 டிகிரி சாய்வில் நின்றால் நல்லது. கடைசியாக மார்பு ஸ்ட்ராப், காறையெலும்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே, மூச்சு இழுக்கத் தடையில்லாமல்.

ஒருமுறை சரிசெய்தால் நாள் முழுக்க அப்படியே இருக்காது. தண்ணீர் குடிக்கக் குடிக்க லிட்டருக்கு ஒரு கிலோ குறைகிறது, பெல்ட்டும் மெல்ல இறங்குகிறது. நான் ஏற்றத்தில் லோட் லிஃப்டரைக் கொஞ்சம் தளர்த்துவேன், செங்குத்தான இறக்கத்தில் பேக் ஆடாமல் இருக்க இறுக்குவேன். நடக்கும்போது விரல் மரத்துப்போனால் தோள் ஸ்ட்ராப்பை உடனே தளர்த்துங்கள், ஓய்வெடுக்கும் இடம் வரட்டும் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமான சாப்பாடும் தண்ணீரும் முதுகை ஒட்டி நடுவில், லேசானவை வெளிப்பக்கம். மொத்த எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், அதாவது 70 கிலோ ஆளுக்கு 14 கிலோ. இதைத் தாண்டினால் பேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் பேக்கின் குறைகளும் உண்டு. முதுகுக்கும் பேக்குக்கும் இடையே காற்றுப் போக வலை வைத்திருக்கிறார்கள், வியர்வை குறைகிறது உண்மைதான், ஆனால் அந்த இடைவெளியால் எடை உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளிப்போய், பாறைகளில் ஏறும்போது பின்னால் இழுப்பது தெரிகிறது. ரெயின் கவர் பலத்த மழையில் பேருக்குத்தான், முதுகுப் பக்கமாக நீர் இறங்கிவிடும், உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை போட்டு அதற்குள் துணியை வைப்பதுதான் நிம்மதி. ஈரத்தோடு மூடிவைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரியும், என்னுடையதில் அடிப்பக்கம் தொடங்கிவிட்டது.

ஜிப், தையல், பக்கிள் எதுவும் போகவில்லை. முதலில் தேய்ந்தது இடுப்பு பெல்ட்டின் ஃபோம்தான், இப்போது முன்னைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது, நாள் முடிவில் எலும்பு மேல் சிவப்புத் தடம். பெல்ட் பேக்கோடு தைத்தே வருவதால் மாற்ற வழியில்லை. அடுத்து வாங்கும்போது பெல்ட்டைத் தனியே கழற்றி மாற்றக்கூடிய மாடலாகத்தான் பார்ப்பேன், எடை அரை கிலோ கூடினாலும் பரவாயில்லை.