பச்சைக்குழந்தை காது டெஸ்ட்: 'ரெஃபர்' என்று வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள்

பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஆஸ்பத்திரி பெயரைப் போடப் போவதில்லை, இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

எனக்கு சிசேரியன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பையன் பிறந்தான். அன்று ராத்திரியே ஒரு பெண் சின்ன மிஷினோடு வந்து, அவன் காதில் ரப்பர் முனையைச் செருகி இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்பினார். பில்லில் 1,200 ரூபாய். ரிசல்ட் கேட்டதற்கு, "காதுல தண்ணி இருக்கும்மா, தானா சரியாயிடும்" என்றார். அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. முதல் நாளில் குழந்தையின் காதுக்குள் நீரும் மாவு மாதிரி வெள்ளைப் படிவமும் அடைத்துக்கொண்டிருக்கும், சிசேரியன் குழந்தைக்கு அது வடிய இன்னும் நேரமாகும், அதனால் நன்றாகக் கேட்கிற குழந்தைக்குக்கூட அந்த ரப்பர் முனை டெஸ்டில் (ஓஏஇ என்பார்கள்) 'ரெஃபர்', அதாவது 'தேறவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்' என்று வரலாம். அப்படியென்றால் ஒன்றிரண்டு நாள் கழித்து எடுக்க வேண்டியதுதானே? நான் அதே ரூமில் இன்னும் நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். ஒருத்தரும் திரும்ப வரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹியரிங் ஸ்க்ரீனிங் செய்யப்பட்டது' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

ஒன்றரை மாத ஊசிக்குப் போனபோது நானாகக் கேட்டேன். மிஷின் ரிப்பேராம். டாக்டர் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் கையைத் தட்டினார், அவன் கண்ணைச் சிமிட்டினான், "நல்லாக் கேக்குதும்மா, போங்க". கை தட்டினால் காற்று முகத்தில் அடிக்கும், கேட்காத குழந்தையும் சிமிட்டும் என்று அப்போது எனக்கு என்ன தெரியும்? வீட்டில் அத்தையும் தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவங்கப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்று முடித்துவிட்டார்.

எட்டாம் மாதம் ஒருநாள், சமையலறை வாசலில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். குக்கர் மூன்று விசில் அடித்தது, அசையவே இல்லை. கையில் இருந்த கரண்டியால் சிங்க்கில் ஓங்கி அடித்தேன். அப்போதும் இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துக் கவனிக்க டி.இ.ஐ.சி. என்று ஒரு மையம் இருக்கிறது, அங்கே ஓடினோம். சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கிற பெரா டெஸ்ட் எடுக்கக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். இரண்டு மாதக் குழந்தையென்றால் பால் கொடுத்தால் தூங்கிவிடும். இவனை விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் வழியெல்லாம் தூங்க விடாமல் கிள்ளிக்கொண்டே போய், தூக்க மருந்தும் கொடுத்து, இரண்டாவது தடவைதான் எடுக்க முடிந்தது. இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் குறைபாடு. ஒன்பதாம் மாதம் காது கேட்கும் மிஷின் மாட்டினோம்.

அங்கே காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் 1, 3, 6 என்று பேப்பரில் எழுதிக் காட்டினார். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்று உறுதி, ஆறு மாதத்துக்குள் மிஷின், பயிற்சி. பேச்சு வருவதற்கான அடித்தளம் அந்த மாதங்களில்தான் விழுகிறதாம். இன்னொன்றும் சொன்னார்: ஐந்து நாளுக்கு மேல் பச்சைக்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியு) இருந்த குழந்தைக்கும், ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை ஏறிய குழந்தைக்கும் ஓஏஇ 'பாஸ்' என்று வந்தாலும் போதாது, நரம்புக் கோளாறு அதில் தெரியாமல் போகலாம், பெரா முறையில்தான் பார்க்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

போன வாரம் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேனேஜர் பக்கங்களைப் புரட்டி, பில்லுக்குப் பின்னால் பின் அடித்திருந்த, மை மங்கிப்போன ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். "பாருங்கம்மா, ரெண்டு காதுக்கும் ரெஃபர்னு நாங்க கொடுத்துத்தானே இருக்கோம்." அப்புறம், வேண்டுமென்றால் மறுபடி டெஸ்ட் எடுக்கப் பாதி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றார்.