சுவாமிமலைப் பட்டறையில் வார்த்த சிவகாமி அம்மன்: வீட்டுப் பூசைக்கான ஐம்பொன் படிமம், ஒரு மதிப்புரை

வீட்டுப் பூசைக்கு ஐம்பொன் படிமம் வாங்க நினைப்பவர், அச்சில் வார்த்து மெருகேற்றிக் கடையில் அடுக்கியிருப்பதை அன்றே வாங்கி வரலாம். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியிடம் (மரபுவழிச் சிற்பியிடம்) சொல்லிவைத்துக் காத்திருந்தும் வாங்கலாம். நான் இரண்டாவது வழியில், ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த உயரத்தில், நின்ற கோலத்துச் சிவகாமி அம்மன் படிமத்தைச் செய்வித்தேன். வழிபாட்டுக்கென்றே வாங்குபவர்களுக்கு இந்தக் காத்திருப்பு முழுக்கத் தகும் என்பது என் கருத்து.

அதற்கு முதற்காரணம் அளவுமுறை. ஸ்தபதி முதலில் கேட்டது என் பூசை மாடத்தின் உயரத்தையும் வாயிலின் அகலத்தையும்தான். கோயிலில் மூலவரின் உயரத்தைக் கருவறை வாயிலோடு பொருத்திக் கணக்கிடும் மரபில் வந்தவர் அவர். எந்த இடத்தில் எழுந்தருளப் போகிறாள் என்று தெரியாமல் உயரத்தை முடிவு செய்ய அவருக்கு மனம் இல்லை. உயரம் முடிவானதும், அந்த நீளத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, இடை, முழங்கால் ஆகியவற்றுக்கான குறிகளை இட்டார். சிற்ப நூல்கள் சிவனுக்கும் திருமாலுக்கும் 124 அங்குலம் கொண்ட உத்தம தச தாளம் என்னும் அளவுமுறையையும், தேவியருக்கு 120 அங்குலம் கொண்ட மத்திம தச தாளத்தையும் விதிக்கின்றன. இந்த அங்குலம் படிமத்தின் மொத்த உயரத்தைப் பகுத்துப் பெறும் அலகு என்பதால், ஆளுயரப் படிமமானாலும் உள்ளங்கையில் அடங்குவதானாலும் உறுப்புகளின் விகிதம் மாறுவதில்லை. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், அங்கே எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் கணக்கில் பதிவு செய்திருப்பதை நினைத்துக்கொண்டால், இந்த ஓலை நறுக்கின் பின்னால் எவ்வளவு நீண்ட ஒழுங்கு இருக்கிறது என்பது விளங்கும்.

வார்ப்பு முறை பலருக்கும் தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயில் காய்ச்சி எடுத்த கலவையில் முழு உருவத்தையும் கையால் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகவும் களிமண்ணைத் தடித்த பூச்சாகவும் இட்டு, உலர்த்தி, சூடேற்றி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண் கருவை உடைத்தால்தான் படிமம் வெளிவரும். ஒரு கருவில் ஒரு படிமம் மட்டுமே. ஐம்பொன்னில் பெரும்பங்கு செம்புதான். பொன்னும் வெள்ளியும் சிறிதளவே. வீட்டிலிருந்து கொண்டுபோன பொன் துணுக்கை உருகும் உலோகத்தில் என் கையாலேயே இடச் சொன்னார்கள். தங்கம் மிகுதியாகக் கலந்தது என்று சொல்லி விலையை உயர்த்தும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி படிமத்துக்கு வருகிறேன். அம்மனின் வலக்கை, பூவைப் பிடிப்பது போன்ற கடக முத்திரையில் இருக்கிறது; விரல்கள் வளைந்து ஒரு சிறு வளையமாக நிற்க, நடுவே இடம் காலியாக இருக்கிறது. கடைகளில் நான் பார்த்த பல படிமங்களில் அந்த இடத்தில் உலோகப் பூவையே சேர்த்து வார்த்திருந்தார்கள். இங்கே ஒரு நந்தியாவட்டைக் காம்பு சரியாக நுழைந்து நிற்கும் அளவுக்கு வளையத்தை அராவிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அந்தக் கையில் புதுப்பூ வைக்கும் வேலை பூசை செய்பவருக்கே விடப்பட்டிருக்கிறது. சிலையைப் பார்ப்பவராக இருந்த என்னை வழிபடுபவராக ஆக்கியது இந்த ஏற்பாடுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

தொங்கும் இடக்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெளிவான இடைவெளி உண்டு. மலிவான வார்ப்புகளில் கை உடலோடு ஒட்டிப்போய் அந்த இடம் அடைபட்டிருக்கும். அப்படிப்பட்ட படிமத்துக்குப் பட்டுத் துணியைச் சுற்றிக் கட்டுவது பெரும்பாடு. அடுக்கடுக்காகக் குறுகி உயரும் கரண்ட மகுடம், முதுகில் இறங்கும் கூந்தல், தலைக்குப் பின்னுள்ள வட்டமான சிரச்சக்கரம் ஆகியவற்றில் முன்பக்கத்துக்குக் காட்டிய அதே அக்கறையைக் காட்டியிருக்கிறார்கள். மாடத்தில் வைத்தபின் முதுகுப்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. அபிடேகத்தின்போது துடைக்கும் கை மட்டுமே அதை அறியும். எனினும் ஒரு கோடும் குறையவில்லை. தெய்வத்தின் உருவத்தை வருணித்துப் பூசையில் நாம் சொல்லும் தியான சுலோகத்தை மனத்தில் வைத்தே ஸ்தபதியும் உருவத்தை வடிக்கிறார். ஆகவே வாய் சொல்வதும் கண் காண்பதும் ஒன்றாகிவிட, அலையும் மனம் தானாக அடங்குகிறது.

குறைகளும் உண்டு. சொன்ன தேதி கடந்து வெகுநாள் ஆகியும் பட்டறையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நானே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. கைவேலைக்குக் காலம் கூடுவது இயல்புதான், அதைத் தெரிவிக்காமல் இருப்பது சரியல்ல. படிமத்தைச் சூழ்ந்து நிற்கும் வளைவான திருவாசி தனியாக வார்த்தது; அது பீடத்திலுள்ள துளைகளில் சற்றே ஆடியது; சொன்னதும் கட்டணமின்றிச் சரிசெய்தார்கள். பீடத்தின் அடிப்பகுதியில் அரத்தின் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. விலையை எடைக்கு இவ்வளவு, வேலைப்பாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதித் தராததும் எனக்கு உடன்பாடில்லை. பேரம் பேசத் தயங்குபவர்கள், தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் அதே ஊரில் நடத்தும் கூடத்துக்கும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சொல்லிவைக்கப் போகும் நாளில் அருகிலுள்ள தாராசுரத்துக்கும் போய்வாருங்கள். இரண்டாம் இராசராசன் எடுத்த ஐராவதேசுவரர் கோயிலின் தூண்களிலும் அடித்தளத்திலும் உள்ள விரலளவுச் சிற்பங்களைப் பார்த்தபின், சிறிய படிமத்தில் எவ்வளவு நுணுக்கம் கேட்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பட்டறையில், மெழுகு உருவம் முடிந்த நிலையில் ஒருமுறை நேரில் பார்க்கக் கேளுங்கள். மூக்கு, உதடு, விரல் ஆகியவற்றில் மாற்றம் வேண்டுமானால் அப்போது எளிது, வார்த்தபின் உளியால் குறைக்க முடியுமே தவிரக் கூட்ட முடியாது. பழமைத் தோற்றத்துக்காக மருந்து பூசிக் கறுக்க வைப்பதையும், இயந்திர மெருகால் பளபளக்க வைப்பதையும் வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டுமே உளிவேலையின் கூர்மையை மறைத்துவிடும். வீட்டுக்கு வந்தபின் புளிக்கரைசலில் மெதுவாகத் துலக்கித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கம்பி நாரையும் பாத்திரத் தூளையும் முகத்தின் அருகே கொண்டுபோக வேண்டாம்.