பழைய வெஸ்பாவைச் சாயம் பூசக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பினாங்கில் பழைய வெஸ்பா ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது சூப்பர் 150. நிபோங் தெபாலில் ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடந்ததை கிராண்டோடு, அதாவது பதிவுப் பத்திரத்தோடு, வாங்கினேன். என்ஜினை நானே பிரித்தேன். ஆயில் சீல், பிஸ்டன் ரிங், கிளட்ச் தகடு எல்லாம் மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்து பூட்டினேன். மேசையில் வைத்து உதைத்ததும் புகை கக்கிக்கொண்டு ஓடியது. வீட்டில் எல்லோரும் வந்து நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

வெல்டிங்கும் சாயமும் மட்டும் என் கையில் இல்லை. ஜெலுத்தோங் பக்கம் ஒரு பட்டறையில் வெறும் பாடியைக் கொடுத்தேன். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி எடுத்து, புதுத்தகடு வைத்து வெல்ட் செய்து, அப்புறம் சாயம். இதுதான் பேச்சு. 2,800 வெள்ளி (ரிங்கிட்).

திரும்பி வந்தபோது பாடி கண்ணாடி மாதிரி பளபளத்தது. பின் பிரேக் பெடலை மாட்ட போல்ட்டை இறுக்கினேன். சாயம் வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே விரல் கனத்துக்குப் புட்டி, பள்ளத்தை நிரப்ப அப்பும் பசை. அதற்குக் கீழே பழைய துருத்தகடு அப்படியே இருந்தது. அடிப்பக்கம் கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருந்தார்கள். காந்தம் வைத்துப் பார்த்தேன், தரையில் பல இடங்களில் ஒட்டவே இல்லை.

வெஸ்பாவுக்குத் தனி சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் சட்டம்) கிடையாது. தகட்டு உடம்பேதான் சேஸிஸ். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பதே கால் வைக்கும் அந்தத் தரைதான். அங்கே புட்டி அப்பியவர்கள் ஓட்டுகிறவன் உயிரோடு விளையாடியிருக்கிறார்கள். காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

கேட்டதற்கு, "பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி, சும்மா அழகுக்குத்தானே வைக்கப் போறீங்க" என்றார் முதலாளி. அழகுக்கு இல்லை. ஓட்டத்தான் அவ்வளவு பாடுபட்டேன்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, புட்டி உதிர்ந்த படங்கள் எல்லாம் இணைத்தாயிற்று.

கொடுக்கிறவர்கள், வெல்டிங் முடிந்ததும் பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கும் முன் நேரில் பார்ப்பேன் என்று எழுதி வாங்குங்கள். வெட்டி எடுத்த பழைய தகட்டையும் கேளுங்கள். அதைக் காட்டினால்தான் மிச்சப் பணம். பாடியில் பொறித்த சேஸிஸ் எண்ணையும் பாருங்கள். அது புட்டிக்குள் போய்விட்டால் வாகனச் சோதனையில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், பட்டறைக்காரர் இல்லை.