கிரேட் ஓஷன் ரோடு ஒரே நாளில்: பெரிய பஸ்ஸா, சின்ன வேனா, சொந்தக் காரா?

மெல்போர்னில் அக்கா வீட்டுக்கு யார் வந்து இறங்கினாலும் மூன்றாம் நாளுக்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். "பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறை பார்க்க எப்போ போறீங்க?" கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையில், கரையை ஒட்டிக் கடலுக்குள் தூண் தூணாக நிற்கும் பாறைக் கூட்டம் அது. நான் மூன்று தடவை போய்விட்டேன், மூன்றும் மூன்று விதம். முதல் தடவை ஜூலைக் குளிரில் அம்மா அப்பாவோடு ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில். அடுத்தது ஒரு ஜனவரியில் மனைவியோடு சின்ன வேனில். கடைசியாக அத்தானின் காரில். ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் எதைப் பதிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் தூரக் கணக்கு. கிரேட் ஓஷன் ரோடு டார்க்கீயில் தொடங்கி வார்னம்பூலுக்குச் சற்று முன்னால் ஆலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது. மொத்தம் 243 கிலோமீட்டர். ஒருநாள் டூர்கள் பெரும்பாலும் கடைசிவரை போகாமல், பாறைகளை அடுத்துள்ள போர்ட் கேம்பல் பக்கத்திலேயே திரும்பிவிடும். மெல்போர்னிலிருந்து பாறைகளுக்குக் கடலோரமாகப் போனால் சுமார் 280 கிலோமீட்டர். கோலாக் வழியாக உள்ளே புகுந்து போனால் சுமார் 230. ஒரு வழியில் போய் இன்னொரு வழியில் திரும்புவார்கள். காலை ஏழரைக்கு ஏறினால் வீடு வந்து சேர இரவு எட்டாகிவிடும், அதில் பாதிக்கு மேல் இருக்கையில்தான். திருச்சிக்குப் போய்விட்டு அன்றைக்கே சென்னை திரும்புகிற அலுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரங்களைப் பார்த்தால் எல்லா டூரும் ஒன்றுபோலவே இருக்கும். அதே கோவாலா, அதே நினைவு வளைவு, அதே பாறை. விலையை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடுவோம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பாறைகளின் முன்னால் எத்தனை மணிக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!

பெரிய பஸ் கடலோரமாகப் போனது. ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மேற்கே போகும்போது கடல் இடது கைப்பக்கம், கிட்டத்தட்ட ஜன்னலுக்குக் கீழேயே. பஸ் உயரமாக இருப்பதால் தடுப்புக் கம்பிக்கு மேலே அலை தெரியும். காரில் இந்தக் காட்சி கிடைக்காது. ஓட்டுநரேதான் வழிகாட்டியும். காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு, வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே கதை சொல்லிக்கொண்டு வந்தார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டிய சாலை இது. திரும்பி வராத தோழர்களுக்கு இந்தச் சாலையே நினைவுச் சின்னம். 1924-இல் கேசினோ என்ற நீராவிக் கப்பல் கேப் பாட்டன் அருகே தட்டி நின்றது. பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரைக் கடலில் தள்ளினார்கள். அது கரை ஒதுங்கியது. சாலை வேலை இரண்டு வாரம் நின்றுபோனது. அப்பாவுக்கு அந்த நாளிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பாறைகளைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மாவுக்குக் கதை ஏறவில்லை. லார்ன் தாண்டியதும் சாலை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகும். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவர், அப்போலோ பே வந்த பிறகுதான் திறந்தார். அங்கே மதியச் சாப்பாடு. பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதியிருந்தோம். தட்டில் வந்ததோ உருளைக்கிழங்கு வறுவலும் நாலு துண்டு வெள்ளரிக்காயும். அந்த டூர்க்காரர்களைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. சைவம் என்றால் மீன் சாப்பிடுவீர்கள்தானே என்று கேட்கிற ஊர் அது.

அப்புறம் ஆட்வே மழைக்காட்டில் அரை மணி நடை. பாறைகளை எட்டும்போது மூன்றே கால். சாலைக்கு வடக்கே இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாக மறுபுறம் போனால்தான் பார்வை மேடை. எங்கள் வரிசை இறங்கி முடிப்பதற்குள் முன்வரிசைக்காரர்கள் கழிவறை வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். கொடுத்த நாற்பது நிமிடத்தில் நடைக்கும் வரிசைக்கும் போக, பார்க்கக் கிடைத்தது இருபது நிமிடம்தான். வெயிலோ மேற்கே சாய்ந்துவிட்டது. பாறைக் கூட்டத்தில் பெரும்பகுதி மேடைக்கு மேற்கேதான் இருக்கிறது. கண் கூசியது, பாறைகள் கறுப்பு உருவங்களாக நின்றன. அடுத்து லாக் ஆர்ட் பள்ளத்தாக்கு, கால் மணி நேரம். ஜூலையில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். திரும்பும் வழி முழுக்க ஜன்னலில் எங்கள் முகமே தெரிந்தது.

சின்ன வேனில் இது தலைகீழ். பதினெட்டுப் பேர். காலையிலேயே உள்வழியாகப் போய், பதினோரு மணிக்கு முன்பே பாறைகளிடம் நிறுத்திவிட்டார்கள். வழியில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். கோலாக்கைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியும் பால்மாடுகளுமாக இருக்கும் அந்தச் சமவெளிக்காக வேண்டுமானால் இன்னொரு தடவை போவேன். மடி கனத்த கறுப்பு வெள்ளை மாடுகள் வேலியோரமாக ஒற்றை வரிசையில், பள்ளிக்கூடம் விட்டதுபோல நடந்துகொண்டிருந்தன.

பார்வை மேடைக்குப் போனபோது பெரிய பஸ்கள் இன்னும் எங்கோ கடலோரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கூட்டமே இல்லை. வெயில் கிழக்கிலிருந்து நேராகப் பாறைகளின் மேல் விழுந்தது. ஜூலையில் கறுப்பாகப் பார்த்த அதே பாறை இப்போது பனங்கற்கண்டு நிறத்தில், அடுக்கடுக்காகக் கோடு போட்டு நின்றது. சுண்ணாம்புப் பாறை அது. அடியை அலை தின்றுகொண்டே இருக்கிறது. 2005 ஜூலையில் ஒன்று சரிந்து விழுந்தது. இப்போது நிற்பவை ஏழெட்டுதான். பன்னிரண்டு என்றைக்குமே இருந்ததில்லை. பழைய பெயர் 'பெண்பன்றியும் குட்டிகளும்'. சுற்றுலாவுக்கு அது எடுபடாது என்று பெயரை மாற்றியதாகச் சொல்கிறார்கள். புத்திசாலிகள்.

கிப்சன் படிகள் இந்த டூரில்தான் கிடைத்தன. 86 படி இறங்கினால் மணலுக்கே போய்விடலாம். மேலேயிருந்து பொம்மைபோலத் தெரிந்த பாறை கீழே போனதும் கோபுரம்போல எழுந்து நிற்கும். கடல் ஏறியிருந்தால் படிகளை மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லாக் ஆர்டில் முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். 1878 ஜூன் 1 அன்று லாக் ஆர்ட் என்ற கப்பல் இங்கே உடைந்தது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர், டாம் பியர்ஸும் ஈவா கார்மைக்கேலும். கரையேறிய டாம், அந்தப் பெண்ணின் குரல் கேட்டு மறுபடி தண்ணீரில் இறங்கி இழுத்து வந்தான். இதை வழிகாட்டி வேனில் சொல்லாமல், எங்களைக் கீழே மணலில் நிறுத்தி, இரு புறமும் செங்குத்தாக நிற்கும் சுவர்களையும் நடுவே கடல் நுழையும் குறுகிய வாயையும் காட்டிச் சொன்னார். அந்த வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் யாரும் வேனுக்குத் திரும்பும்வரை பேசவில்லை.

இதற்கும் குறை உண்டு. பஸ்ஸுக்குக் கொடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்தோம். கிழக்கே திரும்பும்போது நம் வண்டி மலையோரப் பாதையில் போகும், கடல் எதிர்ப்பாதைக்கு அப்பால் வலது பக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கடலோரச் சாலை வருவதால் பாதி வேன் தூங்கிவிட்டது. கென்னட் ரிவரில் எழுப்பிவிட்டார்கள். யூகலிப்டஸ் கவட்டையில் சாம்பல் மூட்டைபோல ஒரு கோவாலா. நாங்கள் இருந்த இருபது நிமிடத்தில் ஒரே ஒரு முறை காதைச் சொறிந்தது.

சரி, சொந்தக் கார். ஆங்கிலத்தில் உள்ள நம் உரிமத்தை வைத்துக்கொண்டு சுற்றுலா விசாக்காரர்கள் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஓட்டலாம். நான்கு பேர் என்றால் செலவும் குறைவு. டூர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் லண்டன் ஆர்ச் வரை போகலாம். கரையோடு ஒட்டிய பாலமாக இருந்தது அது. 1990 ஜனவரியில் கரைப்பக்க வளைவு விழுந்துவிட, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். இருட்டும்வரை இருந்தால் பாறையடியில் குட்டிப் பென்குவின்கள் கரையேறுவதையும் பார்க்கலாம். அதற்கென்றே மதியத்துக்கு மேல் சேர்கிற சூரிய அஸ்தமன டூர்களும் உண்டு. வீடு திரும்ப நள்ளிரவாகிவிடும்.

ஆனால் ஓட்டுகிறவர் பாவம். வளைவுக்கு வளைவு வேகம் குறைக்க வேண்டும், பின்னால் உள்ளூர்க்காரர் வந்து ஒட்டுவார், ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆட்வே காட்டுக்குள் போன் சிக்னல் போய்விடும். இருட்டில் உள்வழியில் கங்காரு குறுக்கே பாயும். இரவு பதினோரு மணிக்கு வீடு வந்து காபி குடிக்கும்போது அத்தான் சொன்னார்: "நீங்கெல்லாம் கடல் பார்த்தீங்க. நான் வெள்ளைக் கோடு பார்த்தேன்."

ரயிலில் ஜீலாங் போய் அங்கிருந்து பொதுப் பேருந்தில் அப்போலோ பே வரை போகலாம். அதற்கு மேல் எல்லா நாளும் வண்டி இல்லை. ஒரு நாளில் போய்த் திரும்ப இது உதவாது.

என் பணத்துக்கு, உள்வழியாக முதலில் பாறைக்குப் போகிற சின்ன வேன். குளிர்காலம் என்றால் யோசிக்கவே வேண்டாம். வயதானவர்களோடு போகிறீர்கள், படி இறங்க முடியாது, கதை கேட்கப் பிடிக்கும் என்றால் பெரிய பஸ் மோசமில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் போங்கள், எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். முன்வரிசை கேட்டு வாங்குங்கள். கடலோரமாகப் போகும் வண்டியில் இடது ஜன்னல், திரும்பி வரும் வண்டியில் வலது ஜன்னல். காரை, ஓட்டுவதையே ரசிக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

இப்போதெல்லாம் யார் கிளம்பினாலும் அக்கா முந்தின இரவே எலுமிச்சைச் சாதம் கட்டிவிடுகிறாள். கூடவே லார்னுக்கு அப்புறம் வாயில் போட்டுக்கொள்ள நாலு துண்டு இஞ்சி மரப்பா.