அரசுப் பல்கலையா, தனியாரா: சம்பளத்தை விட்டுவிட்டுப் பார்த்தால்

நானும் என் தோழியும் ஒரே வருடத்தில் பிஎச்.டி. முடித்தவர்கள். அவள் அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர், நான் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில். "எதுல சேரலாம்?" என்று கேட்கிற ஜூனியர்கள் எல்லோரும் சம்பளத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். சரி, அதையே முதலில் முடித்துவிடுவோம். ஏழாவது ஊதியக் குழுப்படி அவளுக்கு அடிப்படைச் சம்பளமே ரூ.57,700-இல் தொடங்கியது, அகவிலைப்படி தனி. எங்கள் பக்கம் அது நேர்காணலில் பேரம் பேசுகிற சாமர்த்தியத்தைப் பொறுத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டால் ஏதோ குற்றம் செய்த மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் வயிற்றெரிச்சல் முழுக்கப் பதவி உயர்வில்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி பிஎச்.டி. இருந்தால் 4 வருடத்தில் அடுத்த நிலைக்கு விண்ணப்பிக்கலாம். அவளுடைய ஃபைல் செக்‌ஷனில் இரண்டு வருடம் தூங்கியது. போனில் தினமும் புலம்பல். இருந்தாலும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தாள், ஏனென்றால் எப்போது கையெழுத்தானாலும் தகுதி வந்த தேதியிலிருந்தே கணக்கு, அரியரோடு வந்துவிடும். எனக்கு வருடா வருடம் அப்ரைசல், அதாவது பணி மதிப்பீடு. படிவத்தில் ஆய்வுக் கட்டுரைகளுக்கு நேர் கீழே 'சேர்த்துவிட்ட மாணவர்கள்' என்று ஒரு கட்டம். மே மாதம் முழுக்க பிளஸ் டூ பிள்ளைகளின் அப்பாக்களுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கி, கடைசியில் அதில் 3 என்று எழுதினேன். அந்த வருட இன்கிரிமென்ட் அதோடு போயிற்று.

தனியாரை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. கருத்தரங்குக்குப் போக அனுமதி கேட்டால் எனக்கு இரண்டே நாளில் பதில் வரும். அவள் புரொஜெக்டர் பல்பு மாற்றவே மூன்று கொட்டேஷன் வாங்கி அலைவாள். பயோமெட்ரிக்கில் மூன்று நாள் தாமதமானால் ஒரு சி.எல். (தற்செயல் விடுப்பு) போய்விடும் என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அரசு வளாகத்திலேயே இன்னொரு வழியும் உண்டு: கௌரவ விரிவுரையாளர். ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50,000 வரை என்று 2019-இல் யு.ஜி.சி. சொன்னது. அந்த வரம்பைத் தொட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வேலையென்னவோ நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலைதான், ஆனால் மே மாதச் சம்பளம் கிடையாது, ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்களா என்பதும் தெரியாது. மூன்றில் இதைத்தான் கடைசியில் வைப்பேன், எங்கள் அப்ரைசலுக்கும் கீழே.

தனியாரில்தான் சேரப் போகிறீர்கள் என்றால், சம்பளம் பேசுவதற்கு முன்னால் அப்ரைசல் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் கையை விட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.