ஆல்ட்மெட்ரிக் வளையம்: நடுவில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

ஆய்விதழ்ப் பக்கத்தின் ஓரத்தில் பல நிறத்தில் ஒரு வளையம், நடுவில் ஓர் எண். 2011-ல் தொடங்கிய ஆல்ட்மெட்ரிக் என்ற நிறுவனத்தின் சரக்கு இது. ஒரு கட்டுரையைப் பற்றிய பேச்சு செய்தித்தளம், வலைப்பதிவு, எக்ஸ், ஃபேஸ்புக், விக்கிப்பீடியா, கொள்கை ஆவணம் என எங்கெல்லாம் அடிபடுகிறது என்று தேடித் திரட்டுகிறது. திரட்டுவதில் கெட்டி. ஆனால் ‘சமூக ஊடகத்தில் போட்டோம், வீச்சு கூடிவிட்டது’ என்பதற்கு அந்த எண்ணைச் சான்றாக நீட்டினால் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

எண்ணைக் கூட்டும் விதத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். செய்திக்கு 8, வலைப்பதிவுக்கு 5, கொள்கை ஆவணத்துக்கு 3, ஃபேஸ்புக் பதிவுக்கு 0.25. ஓர் அரசின் கொள்கை ஆவணத்தில் கட்டுரை இடம்பெற்றால் 3. செய்தித்தளம் ஒன்று பத்திரிகைக் குறிப்பை அப்படியே வெட்டி ஒட்டினால் 8! ஒரே கணக்கிலிருந்து பத்து முறை பகிர்ந்தாலும் ஒருமுறைதான் சேரும், அது நல்ல ஏற்பாடு. ஆய்வுக்கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் மென்பொருளான மெண்டலேயில் எத்தனை பேர் சேமித்தார்கள் என்பதைக் காட்டுகிறது, மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. படிக்கும் எண்ணத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் தடயமே அதுதான்.

பாராட்டா வசையா என்பதும் எண்ணில் தெரியாது. 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்த, கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றிய கட்டுரை ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. கண்டனம் குவியக் குவிய அதன் மதிப்பெண் ஏறியது.

தவறவிடுவதும் நிறைய. கட்டுரையின் முதல் பக்கத்தைப் படம்பிடித்து லிங்க் இல்லாமல் போட்டால் பிடிபடாது. மருத்துவர்கள் கட்டுரை பரிமாறும் வாட்ஸ்அப் குழுவும் மூடிய ஃபேஸ்புக் குழுவும் அதன் கண்ணுக்கு எட்டாதவை. இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்புக்குத் தனி டிஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) இருந்தால் மதிப்பெண் இரண்டாக உடையும். ஆகவே பதிவில் இதழ்ப் பதிப்பின் டிஓஐ லிங்க் இருக்கட்டும்.

சரி, பகிர்வதால் வீச்சு கூடுகிறதா? சர்க்குலேஷன் என்ற இதய மருத்துவ இதழ் 243 கட்டுரைகளைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டது. 30 நாளில் பக்கப் பார்வையின் இடைநிலை, பகிர்ந்தவற்றுக்கு 409, பகிராதவற்றுக்கு 392. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மறுமுறை செய்த சோதனையிலும் அதே கதை. மருத்துவச் சான்றுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஸ்கிசோஃப்ரினியா குழு வெளியிட்ட 170 மதிப்பாய்வுகளிலோ, ட்வீட் செய்தவற்றுக்கு 7 நாளில் வருகை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஏற்கெனவே கூட்டம் வரும் பக்கத்தில் ஒரு ட்வீட் கரைந்துபோகும், ஆள் வராத பக்கத்தில் பத்துப் பேர் வந்தாலும் மடங்கு துள்ளும் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. 7 நாள், 30 நாள் என்ற கால வேறுபாட்டையும் மறக்கக்கூடாது.

கட்டுரையின் சாரத்தை ஒரே படத்தில் சொல்லும் படச் சுருக்கம் நிச்சயம் கைகொடுக்கிறது. ஆனல்ஸ் ஆஃப் சர்ஜரி இதழின் 44 கட்டுரைகளில் பார்த்தபோது, தலைப்பு மட்டும் போட்ட ட்வீட்டைவிடப் படச் சுருக்கம் போட்ட ட்வீட்டுக்கு மறுட்வீட் 8.4 மடங்கு, கட்டுரைக்கு வந்தவர்கள் 2.7 மடங்கு. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் பகிர்ந்துவிட்டுப் படிக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். வளையம் எண்ணுவது பகிர்வை, படிப்பதை அல்ல.

மேற்கோள், அதாவது மற்ற ஆய்வுக்கட்டுரைகள் எடுத்தாளும் விஷயத்தில் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. நெஞ்சக அறுவைத் துறையின் 112 கட்டுரைகளில், ஓராண்டில் ட்வீட் செய்தவற்றுக்குச் சராசரி 3.1 மேற்கோள் கூடியது, மற்றவற்றுக்கு 0.7. ஆனால் 11 ஆய்வாளர்கள் சேர்ந்து செய்து 2024-ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், மூன்றாண்டு கழித்தும் சொல்லிக்கொள்ளும்படி மேற்கோள் கூடவில்லை. அது மருத்துவத்துக்கு வெளியே நடந்தது என்றாலும் தள்ளிவிட முடியாது.

இத்தனைக்கும் பிறகு ஆல்ட்மெட்ரிக் வேண்டுமா என்றால், வேண்டும். அதன் இலவச புக்மார்க்லெட்டை (ஒரு சொடுக்கில் இயங்கும் புக்மார்க்) உலாவியின் புக்மார்க் பட்டைக்கு இழுத்துவிட்டு, கட்டுரைப் பக்கத்தில் சொடுக்கி, விவரப் பக்கம் திறந்ததும் எண்ணைத் தாண்டிப் போங்கள். யார் பேசினார்கள், மருத்துவர்களா, பொதுமக்களா, கொள்கை ஆவணம் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். வீச்சை அளக்க இதழிடமிருந்து நாள்வாரிப் பார்வைக் கணக்கு வாங்குங்கள்: பகிர்வதற்கு முந்தைய 7 நாள், பிந்தைய 7 நாள், பிறகு 30-வது நாள். அதே இதழில் வந்த, பகிராத ஒரு கட்டுரையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புதுக் கட்டுரைக்கு முதல் வாரக் கூட்டம் தானாகவே வரும், ஒப்பீடு இல்லாவிட்டால் அதுவும் ட்வீட்டின் கணக்கில் ஏறிவிடும்.