எழுத்தா, மேடையா, முகநூலா: இரண்டாம் முறை விலைபோவது எது?

சம்பள வேலையை விட்டுவிட்டுத் தனியாக எழுதிப் பிழைக்க வந்த எவருக்கும் ஓராண்டுக்குள் இந்தக் கணக்கு எதிரே வந்து நிற்கும். ஒரு நாளில் உருப்படியாக வேலை நடக்கும் நேரம் நான்கைந்து மணிதான். அதை எழுதுவதற்குக் கொடுப்பதா, கூட்டங்களில் பேசுவதற்குக் கொடுப்பதா, எழுதியதையும் பேசியதையும் நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதற்குக் கொடுப்பதா? மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபின் நான் எழுத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். முதலில் கைக்கு வரும் பணம் என்று பார்த்தால் மேடைதான் முந்தும். வார இதழ்க் கட்டுரைக்கு வரும் தொகையும் சிற்றிதழ்க் கட்டுரைக்கு வராத தொகையும் ஊரறிந்தவை. ஒரு கல்லூரி விழாவில் ஒரு மணி நேரம் பேசினால், பயணச் செலவு போக, பல கட்டுரைகளுக்கு ஈடான தொகை உறையில் வந்துவிடும். பொன்னாடையும் நினைவுப் பரிசும் தனி. (சேர்ந்துபோன பொன்னாடைகளை என்ன செய்வது என்று எந்த எழுத்தாளரும் இதுவரை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.) மேடைகளுக்கும் பஞ்சமில்லை. பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி, ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஆகஸ்ட் மாதத் திருவிழா, நெய்வேலி என்று முன்பு விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்தவை, அரசின் ஆதரவோடு இப்போது மாவட்டந்தோறும் நடக்கின்றன. பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு பந்தலுக்கும் ஒரு பேச்சாளர் வேண்டும். முகநூல் எனக்கு நேரடியாக ஒரு பைசாவும் தந்ததில்லை.

ஆக முதல் வரவில் மேடை, எழுத்து, முகநூல் என்பதுதான் வரிசை. இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் மேடையைத் தேர்ந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு முடிவைச் சொன்னது வேறொரு கேள்வி: ஒரு முறை உழைத்துச் செய்ததை இரண்டாம் முறையும் விற்க முடியுமா?

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கும் மேடையே விடையாக இருந்தது. கம்பராமாயணச் சொற்பொழிவாளரோ பட்டிமன்றப் பேச்சாளரோ ஒரு பேச்சைத் தயாரித்துவிட்டால் நாகர்கோவில் தொடங்கிச் சென்னை வரை அதையே கொண்டுபோகலாம். ஊருக்கு ஊர் சபை வேறு. எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள் என்று பார்த்து அடுத்த ஊருக்குள் பேச்சைத் தீட்டியும் விடலாம். எழுத்தாளனுக்கு அந்த வசதி இல்லை. கட்டுரை ஒரு முறை அச்சேறினால் தீர்ந்தது. ‘வேறெங்கும் வெளிவராதது’ என்று உறுதிமொழி எழுதித் தந்தால்தான் அடுத்த பத்திரிகை பிரித்தே பார்க்கும்.

அது இன்று தலைகீழாகிவிட்டது. ஏரி மடைகள், ஊரார் கூடி ஏரி, வாய்க்கால்களைச் செப்பனிடும் குடிமராமத்து பற்றி ஓர் ஊரில் பேசினேன். அமைப்பாளர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முழுப் பேச்சையும் அன்றிரவே யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் அதை மரியாதையாகத்தான் செய்தார்கள், அதில் ஐயமில்லை. சில வாரம் கழித்து வேறொரு மாவட்டத்தில் அதே பேச்சின் நடுவே, மடை திறக்கும் உரிமைக்காக இரண்டு ஊர்கள் மல்லுக்கு நின்ற கதையைத் தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் இரண்டாம் வரிசையில் இருந்த பையன் பக்கத்தில் இருந்தவனிடம் முடிவைச் சொல்லிவிட்டான். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, “எல்லாம் யூடியூபில் கேட்டதுதான் சார், இருந்தாலும் நேரில் கேட்பது தனிதான்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அடுத்த மாதம் ஒப்புக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பேச்சைத் தேட வேண்டுமே என்ற கவலை பிடித்துக்கொண்டது.

உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. நாற்பத்தைந்து நிமிடம் சரக்கோடு பேச வேண்டுமானால், ஒரு நீண்ட கட்டுரைக்குப் படிக்கும் அளவு படித்தாக வேண்டும். அதோடு போகும் நாள், பேசும் நாள், திரும்பிவந்து தொண்டை கட்டிக் கிடக்கும் நாள் என்று எழுத்து மேசை காலியாகவே இருக்கும். இத்தனையும் ஒரே மாலைக்கு என்றால் அந்த உறையின் கனம் குறைந்துவிடுகிறது. நகைச்சுவையும் குரலும் கைவந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் பேச்சைத் தெரிந்துகொண்டே திரும்பத் திரும்பக் கேட்க ஜனங்கள் வருவார்கள், தெரிந்த கீர்த்தனைக்குக் கச்சேரிக்குப் போவதுபோல. நான் சொல்வது தகவலை நம்பிப் பேசும் என்னைப் போன்றவர்களுக்கு.

சட்டம் இதில் பேச்சாளர் பக்கம்தான் இருக்கிறது என்பது வேடிக்கை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பொது மேடையில் ஆற்றிய உரைக்கு அதை ஆற்றியவரே முதல் உரிமையாளர். வேறொருவர் சார்பில் பேசினால் மட்டும் உரிமை அந்த வேறொருவருக்குப் போகும். கூட்டத்தை ஏற்பாடு செய்தவர், மண்டபம் கொடுத்தவர் என்பதால் யாருக்கும் அது கிடைத்துவிடாது. ஆனால் பொன்னாடை போர்த்தியவரிடம் பதிப்புரிமை பேச எந்த எழுத்தாளனுக்கு வாய் வரும்? பேசி நீக்கச் சொன்னாலும் அதற்குள் கேட்கிறவர்கள் கேட்டிருப்பார்கள்.

எழுத்துக்கு வருகிறேன். அதே ஏரி விஷயத்தை ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சுருக்கமாக எழுதியிருந்தேன். பிறகு ஒரு மாத இதழ் விரிவாகக் கேட்டது. அது வளர்ந்து நூலில் ஓர் அத்தியாயமாயிற்று. பின்னர் ஒரு தொகுப்பு நூலுக்காக அந்த அத்தியாயத்தைச் சிறு தொகை கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். எதுவும் பெரிய பணம் இல்லை. ஆனால் முதல் தடவைக்குப் பிறகு நான் செலவிட்ட உழைப்பு மிகவும் கொஞ்சம். மூன்றாவது, நான்காவது வரவுக்கு நான் ஊரை விட்டு நகரவே இல்லை.

இது நடக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு. உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையாக எழுதியது பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு அதன் உரிமையாளருக்குச் சொந்தம். வெளியிலிருந்து எழுதுபவருக்கு அப்படி இல்லை. எழுதித் தந்தாலொழிய உரிமை அவரை விட்டுப் போகாது. அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதைத் தெளிவாக வைத்திருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, உரிமை திரும்பிவிடும். எழுத்தாளர் வாழும் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை நீடிக்கிறது. வீட்டையும் நிலத்தையும் எழுதிக்கொடுக்கும்போது பத்திரத்தை நாலு முறை படிக்கிற நாம், ‘முழு உரிமையும் பதிப்பகத்துக்கே’ என்ற ஒற்றை வரியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். அந்த வரியை அடித்துவிட்டு ‘முதல் வெளியீட்டு உரிமை மட்டும்’ என்று எழுதி அனுப்பினால் பெரும்பாலும் மறுப்பு வருவதில்லை என்பது என் அனுபவம். வற்புறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் கூடுதல் தொகை கேட்கலாம்.

நூல் என்று வந்தால் தமிழில் விலையில் பத்து விழுக்காடு உரிமத்தொகை (ராயல்டி) என்பது பரவலான வழக்கம். கணக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒழுங்காக வந்தால் அதுவே நல்ல பதிப்பகம். பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு: பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர் இலக்கிய, கலை, அறிவியல் நூல்களுக்கான உரிமத்தொகையில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். பாடநூல்களுக்கு இது கிடையாது. மேடைப் பேச்சின் சன்மானத்துக்கும் கிடையாது.

பாரதியை எடுத்துக்கொண்டால் எழுத்து, மேடை, விளம்பரம் மூன்றும் ஒரே ஆளிடம் தெரியும். 1921-இல் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் மரணமில்லாமை பற்றிப் பேசினார். பிறகு அந்தப் பயணத்தையே சுதேசமித்திரன் நாளிதழில் கட்டுரையாக எழுதினார். பேச்சைப் பதிந்துவைக்கக் கருவி இல்லை. நாம் இன்று எடுத்துப் படிப்பது கட்டுரையை. அதற்கு முந்தைய ஆண்டு, தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் பணம் கேட்டுக் கடையத்திலிருந்து சுற்றறிக்கை அனுப்பினார். இன்றைய முகநூல் பதிவுக்கு அது எந்த விதத்திலும் இளைத்ததில்லை. ஆனால் பணம் சேரவில்லை. அவர் மறைந்தபின் கைமாறிக்கொண்டே போனது எழுதிவைத்த பாட்டின் உரிமைதான். இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியார் வரை போய், 1949-இல் அரசின் கைக்கு வந்தது.

சுற்றறிக்கை அனுப்புவது பாரதிக்கே இழுக்கில்லை என்றால் நமக்கென்ன. தன்னைப் பற்றித் தானே சொல்வது தம்பட்டம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் குறை அதன் பராமரிப்பில் இருக்கிறது. நேற்றைய பதிவு இன்று கிடையாது. ஒரு வாரம் ஓய்வெடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆள் சேர்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனித்தேன். பதிவையும் காணொளியையும் பார்த்துக் கூப்பிடுபவர்கள் பேசத்தான் கூப்பிடுகிறார்கள். ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் என் பழைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுத்தான் தொடர்புகொண்டார்கள். ஆக, விளம்பரம் எழுத்துக்கு உதவுவதைவிட மேடைக்கே அதிகம் உதவுகிறது. நூல் வெளிவரும் முதல் சில வாரம் மட்டும் இதற்கு விலக்கு. அப்போது சொல்லாவிட்டால் அந்தப் புத்தகம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் என் கால் அவ்வளவு உறுதியாக ஊன்றவில்லை. சொந்தமாக யூடியூப் அலைவரிசை நடத்திப் பணம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பேச்சைப் பிறர் ஏற்றுவதற்கு முன் தானே ஏற்றிவிட்டால் இரண்டாம் வரவு பேச்சாளருக்கே வரலாம். நான் அதை முயன்றதில்லை. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க மேடைகளின் கணக்கும் எனக்குத் தெரியாத ஒன்று. நாவலாசிரியர்களுக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பதும் சந்தேகமே. கட்டுரையைத் துண்டு துண்டாக விற்கலாம், நாவலை அப்படி விற்க முடியாது. எழுத்திலும் திருட்டு இல்லாமல் இல்லை. என் பத்தி ஒன்று பெயர் உதிர்ந்து வாட்ஸ்அப்பில் எனக்கே வந்திருக்கிறது. ஆனாலும் அதே பத்தி இருந்த கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கக் காசு கொடுத்தார்கள்.

இப்போது நடைமுறை இப்படி இருக்கிறது. காலை நேரம் முழுக்க எழுத்துக்கு. பேச்சு புத்தகக் காட்சிக் காலத்தில் மட்டும். அதுவும் ஏற்கெனவே எழுதி முடித்த பொருளில்தான் ஒப்புக்கொள்கிறேன். பேச்சுக்கென்று புதிதாகப் படிப்பதில்லை. அழைக்கும்போதே, காணொளியில் முதல் பத்து நிமிடம் மட்டும் ஏற்றுங்கள் என்று கேட்டுவிடுகிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். முகநூலுக்கு மாலையில் மிஞ்சும் நேரம்.

மாத வாடகையை இந்த வருமானத்தில்தான் கட்ட வேண்டும் என்றிருப்பவர் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தின் இரண்டாம் வரவு மெதுவாகத்தான் வரும். அது வரும்வரை மேடை உறையோ மொழிபெயர்ப்பு வேலையோ இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. அவர்களும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கேட்காத உரிமையை வாங்கிய கணக்கில் யாரும் சேர்த்துக்கொள்ளாதபடி.